நிலவறை விளையாட்டுகளும் பெருங்கணிப்பொறியும்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருப்போர் பரமபத சோபான படத்தை விரித்து வைத்துத் தாயக்கட்டை உருட்டுதல் நம்மவர்க்குப் பழகிய வழக்கம். குப்பம், நகரி, சத்தியவேடு ஆகிய பக்கங்களில் ஒரே தெருவில் ஒரு வீட்டார் இதனைப் பரமபதம் என்பர். அடுத்த வீட்டார் வைகுண்டபாளி என்பர். படம் ஒன்றே. புண்ணியம் ஏணியாகவும் பாவம் பாம்பாகவும் அதில் எழுதப்பட்டிருக்கும்.

இந்த ஆட்டத்தில் ஆடுவோன் தீர்மானிக்க வேண்டியது யாதொன்றும் இல்லை என்பதை ஆசிரியர்கள் கவனித்திருப்பார்கள். கட்டை சொன்னபடி காய் நகர்கிறது. நூறு கட்டம் ஏறிய காய்க்கும் முதற்கட்டத்தில் நிற்கும் காய்க்கும் நிற்கும் இடத்தில்தான் வேறுபாடு; காயின் தன்மையில் வேறுபாடு இல்லை. படமும் எல்லாருடைய கண்ணெதிரே முழுவதும் விரிந்து கிடக்கிறது. இம்மூன்றையும் மாற்றிவிட்டால் என்னவாகும்? படம் மறைந்திருக்கவேண்டும், எந்தப் பக்கம் திரும்புவது என்பதை ஆடுவோனே முடிவு செய்யவேண்டும், காய்க்கு உடல்வலிமை, காயம், பொருள், அனுபவம் என்னும் கணக்குகள் இருந்து அவை கூடியும் குறைந்தும் வரவேண்டும். இப்படிப்பட்ட ஆட்டத்திற்கு முழுப் படத்தையும் அறிந்தவரும், எல்லாருடைய கணக்கையும் எழுதி வைப்பவருமான நடுவர் ஒருவர் இன்றியமையாதவர் ஆகிறார்.

1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இத்தகைய ஆட்டம் ஒன்றை ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்ற பெயரால் நூலாக வெளியிட்டனர். இருண்ட நிலவறைக்குள் இறங்கி, அங்குள்ள பூதங்களோடு பொருது, புதையல் கொண்டு மீளுவது அதன் பொருள். (நம் ஆட்டத்தில் மேலே ஏறவேண்டும், அவர்கள் ஆட்டத்தில் கீழே இறங்கவேண்டும்.) அதில் நடுவராக இருந்தவர் ஒரு மனிதர். அடுத்த ஆண்டிலேயே இல்லினாய் மாநிலத்து இளைஞர் சிலர் அந்த நடுவர் வேலையைப் பெருங்கணிப்பொறி ஒன்றிடம் ஒப்படைத்தனர். அந்தக் கணிப்பொறி விளையாட்டுக்காக அமைக்கப்பட்டதன்று. பள்ளிப்பாடம் கற்பிக்க அமைக்கப்பட்டது. ஆகவேதான் இவ்வரலாறு ஆசிரியர்களுக்கு உரியதாகிறது.

பாடம் கற்பித்த யந்திரம்

அந்த அமைப்பின் பெயர் பிளேட்டோ. கிரேக்கத் தத்துவ ஞானியை நினைவூட்டினாலும், நீண்டதோர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. 1960-ஆம் ஆண்டில் அர்பானா நகரில் உள்ள இல்லினாய் சர்வகலாசாலையில் டொனால்டு பிட்சர் என்பவர் இதனைத் தொடங்கினார். 1972-இல் நான்காம் அமைப்பு வந்தது. நடுவே பெரிய கணிப்பொறி ஒன்று. அதனோடு தொலைபேசிக் கம்பி வழியே இணைக்கப்பட்ட முனையங்கள் பல ஊர்களிலும் பல கல்லூரிகளிலும் பரவியிருந்தன. ஒவ்வொரு முனையத்திலும் நியான் வாயு நிரம்பிய பிளாஸ்மாத் திரை ஒன்று இருந்தது. அகலத்தில் 512, உயரத்தில் 512 புள்ளிகள் கொண்ட அத்திரை செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும். பாடம் எழுத விரும்பும் ஆசிரியர்களுக்கென ‘டியூட்டர்’ என்னும் எளிய கணிப்பொறி மொழியும் வகுக்கப்பட்டிருந்தது.

அக்காலத்தில் நம் நாட்டிலும் பெருங்கணிப்பொறிகள் இல்லாமல் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி. 1963-இலும் சென்னை ஐ.ஐ.டி. 1973-இலும் அவற்றைப் பெற்றன. ஆனால் அந்நாளையப் பெருங்கணிப்பொறிகளுக்கு வழக்கமான வேலைமுறை வேறு. அட்டைகளில் துளையிட்டு அடுக்கிக் கொடுத்துவிட்டு, அச்சான விடைத்தாளுக்காகக் காத்திருக்கவேண்டும். ‘இடப்பக்கம் திரும்புகிறேன்’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்து, பூதம் வந்ததா என்பதை நெடுநேரம் கழித்து அறியும் ஆட்டத்தை எவரும் ஆடமாட்டார். பிளேட்டோவில் ஒரு விசையை அழுத்தியவுடன் விடை வந்தது. அந்த ஒரு வேறுபாடுதான் விளையாட்டுக்கு வாயில் திறந்தது.

1975-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரஸ்டி ரதர்போர்டு என்பவர் ‘நிலவறை’ என்னும் பொருளுடைய ஆட்டம் ஒன்றை எழுதினார். ஆனால் அது இன்றளவும் அறியப்படுவது ‘பெடிட்5’ என்னும் கோப்புப் பெயராலேயே. விளையாட்டுக்கென்று கோப்பு கேட்டால் கிடைக்காது. ஆகவே, தாம் பணிபுரிந்த மக்கட்தொகை, எரிசக்தி ஆய்வுக் குழுவுக்கு ஒதுக்கப்பட்டுப் பயன்படாமலிருந்த கோப்பு ஒன்றில் அதனை எழுதி வைத்தார். ஆட்டத்தில் ஒரே தளம். அறைகளும் இடைகழிகளும் மாறுவதில்லை. எங்கே எந்தப் பூதம் எதிர்ப்படும் என்பது மட்டும் மாறும். எதிர்ப்பட்டால் போரிடலாம், மந்திரம் சொல்லலாம், ஓடலாம். 20,000 அனுபவப் புள்ளிகள் சேர்த்தவன் பெயர் புகழ்ப்பட்டியலில் ஏறும். இடையில் இறந்தால் எல்லாம் போயிற்று. மறுபடியும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும்.

சிறிய இடத்தில் பெரிய நிலவறை

இதனை எழுதியோர்க்கு வாய்த்த வசதி எவ்வளவு என்று பார்த்தால் அவர்களது திறமை விளங்கும். பிளேட்டோவில் ஒரு மாணவனுக்கெனப் பாடத்திற்குள் ஒதுக்கப்பட்டவை 150 நினைவுச் சொற்கள். கணிப்பொறியில் ‘சொல்’ என்பது எண் வைக்கும் ஓர் அறை. இங்கே ஒவ்வொன்றும் 60 பிட் கொண்டது. பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஒரே குறி.

ஒரு நிலவறையை எவ்வாறு எண்ணாக மாற்றலாம் என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுவோம். கட்டம் போட்ட தாளில் 30 வரிசை, வரிசைக்கு 30 கட்டம் எடுத்துக்கொள்க. ஒரு கட்டத்தைச் சுற்றி நான்கு சுவர்கள் இருக்கக்கூடும். நான்கையும் குறித்தால் கட்டத்திற்கு நான்கு பிட் செலவாகும். ஆனால் என் கிழக்குச் சுவர்தான் அடுத்த வீட்டுக்காரரின் மேற்குச் சுவர். ஆகவே வடசுவரையும் மேற்குச் சுவரையும் மட்டும் குறித்தால் போதும். வடசுவர் இருந்தால் 1, மேற்குச் சுவர் இருந்தால் 2, இரண்டும் இருந்தால் 3, இரண்டும் இல்லையேல் 0. தெற்கே செல்ல விரும்புவோனுக்குத் தெற்குக் கட்டத்தின் வடசுவரைப் பார்த்து விடை சொல்லலாம். படத்தின் தெற்கு, கிழக்கு எல்லைகளில் எப்போதும் சுவர் உண்டு என்று வைத்துக்கொள்ளவேண்டும். இப்போது கட்டத்திற்கு இரண்டு பிட். ஒரு வரிசைக்கு 60 பிட். அதாவது ஒரே சொல். 900 கட்டங்கள் கொண்ட நிலவறை முழுவதும் 30 சொற்களில் அடங்கிவிடுகிறது.

திரையிலும் இதே சிக்கனம் வேண்டியிருந்தது. ஓர் எழுத்து 8 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் உடையது. எனவே திரை முழுவதும் 64 எழுத்து வீதம் 32 வரிகள், ஆக 2,048 எழுத்துகள் கொள்ளும். தொலைபேசிக் கம்பியோ விநாடிக்கு ஏறக்குறைய 180 எழுத்துகளையே கொணர்ந்தது. திரையை முழுவதும் நிரப்புவதற்குப் பதினொரு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் பூதத்தின் மேல் உள்ள அச்சம் போய்விடும். ஆகவே பூதத்தின் உருவத்தைச் சிறு சிறு ‘எழுத்து’களாகப் பிரித்து ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முனையத்தில் ஏற்றி வைத்தனர். பிறகு, மாறிய இடத்தை மட்டும் மாற்றி எழுதினர்.

அடுத்தது தற்செயல். தாயக்கட்டைக்குக் கை உண்டு, காற்று உண்டு. கணக்கு மட்டுமே தெரிந்த யந்திரம் எவ்வாறு கட்டை உருட்டும்? அதற்கும் ஒரு கணக்கே வழி. ஓர் எண்ணை ஐந்தால் பெருக்கி, மூன்றைக் கூட்டி, பதினாறால் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்க. 7-இல் தொடங்கினால் 38; மீதி 6. அதிலிருந்து 33, மீதி 1. இவ்வாறே சென்றால் 7, 6, 1, 8, 11, 10, 5, 12, 15, 14, 9, 0, 3, 2, 13, 4 என வந்து, மீண்டும் 7 ஆகும். 0 முதல் 15 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. வரிசை தெரியாதவனுக்கு இவை சிதறிய எண்களாகவே தோன்றும். மாணவர்களிடம் இவ்வரிசையைக் கொடுத்து ‘இதில் ஏதேனும் குறை உண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். கூர்மையுள்ளவன் ஒருவன், ஒற்றையும் இரட்டையும் மாறி மாறியே வருவதைக் கண்டுபிடிப்பான். ‘ஒற்றை வந்தால் பூதம்’ என்று விதி வைத்தால், ஓரடி விட்டு ஓரடி பூதம் தப்பாது வரும். ‘0 முதல் 3 வரை வந்தால் பூதம்’ என்று வைத்தால் அந்த ஒழுங்கு அவ்வளவு எளிதில் கண்ணுக்குப் படாது. உண்மையான கணிப்பொறிகளில் பதினாறுக்குப் பதில் மிகப் பெரிய எண்களைக் கொள்வர், முறை இதுவே.

அழித்தலும் படியெடுத்தலும்

பெடிட்5 நெடுநாள் நிலைத்திருக்கவில்லை. நிருவாகிகள் கண்டபோதெல்லாம் அதனை அழித்தனர். இதற்கும் முன்னர் அந்நிய மொழிப் பாடங்களுக்கு உரிய கோப்பு ஒன்றில் இத்தகைய ஆட்டம் இருந்து அழிக்கப்பட்டதாக அந்நாளில் ஆடியவர்கள் கூறுவர். நிருவாகிகளை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. நினைவுப் பகுதி எல்லாருக்கும் பொது. நிலவறையில் ஒருவன் இறங்கியிருக்கும் நேரத்தில் இரசாயனப் பாடம் படிக்க வந்த மாணவன் முனையத்திற்காகக் காத்து நிற்க நேரும். 1978-க்கும் 1985-க்கும் இடையே பிளேட்டோ பயன்பட்ட நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விளையாட்டில் சென்றது என்று கணக்கிட்டிருக்கின்றனர். ஆனால் மறுபக்கமும் உண்டு. டியூட்டர் மொழியில் அதன் எல்லை வரை சென்று பார்த்தவர்களுள் இவ்விளையாட்டுகளை எழுதியவர்களும் அடங்குவர். பாடம் எழுதுவோர் ‘முடியாது’ என்று விட்ட சிலவற்றை இவர்கள் செய்து காட்டினர். எங்கள் கருத்தில், மாலை நேரத்திற்கு என்று ஒதுக்கிக் கொடுத்திருந்தால் இரு சாராரும் பயனடைந்திருப்பர். கோப்பை அழித்ததால் விளைந்த நன்மை சிறிதே. ஏனெனில் அழிக்க அழிக்கப் புதியவை முளைத்தன.

அதே 1975-இல் தென் இல்லினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த கேரி விசன்ஹண்டு, ரே வுட் ஆகிய இருவரும் ‘டிஎன்டி’ என்னும் ஆட்டத்தை எழுதினர். இதில் தளங்கள் பல. ஆழத்தில் உள்ள மாயக் கோளத்தைக் கொண்டு வரவேண்டும். அதனைப் பொன்னிற டிராகன் ஒன்று காத்து நிற்கும். ஆட்டத்தின் முடிவில் ஒரு பெரும் பகையை நிறுத்தும் வழக்கத்திற்கு இதுவே முன்மாதிரி என்பர். அயோவா மாநிலச் சர்வகலாசாலை மாணவர்கள் எழுதிய ‘மோரியா’வில், மேலிருந்து பார்க்கும் படத்திற்குப் பதில், இடைகழியில் நிற்பவன் கண்ணுக்குத் தெரியும் காட்சி நாலைந்து கோடுகளால் வரையப்பட்டது, மெதுவான கம்பிக்குக் கோடுகள் எழுத்தை விட இலேசானவை. 1977-இல் வந்த ‘ஊப்ளியெட்’, 1979-இல் வந்த ‘அவதார்’ ஆகியவற்றில் வெவ்வேறு ஊர்களில் இருப்போர் ஒரே நிலவறையில் சேர்ந்து இறங்கினர். அவதார் என்பது நம் அவதாரம் என்னும் சொல்லே. எந்த வழியாகவோ இல்லினாய் போய்ச் சேர்ந்திருக்கிறது. 1981-இல் சிறு கணிப்பொறிகளுக்கு வந்த ‘விசார்ட்ரி’யில் ஊப்ளியெட்டின் சாயல் உண்டு, அது ஜப்பானுக்குச் சென்று 1986-இல் ‘டிராகன் குவெஸ்டு’ தோன்ற ஒரு காரணமாயிற்று. நம் மாணவர்கள் இன்று கைப்பேசியில் ‘லெவல் ஏறிவிட்டது’ என்று சொல்லும்போது, அந்தப் பேச்சின் வேர் இங்கே இருக்கிறது.

பெருங்கணிப்பொறிகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. பிளேட்டோவின் வழியில் வந்த நோவாநெட் என்னும் அமைப்பும் 2015-இல் முடிவுற்றது. எனினும் 2004-ஆம் ஆண்டில் ஆர்வலர்கள் சிலர் பழைய பெருங்கணிப்பொறியைப் போலவே நடந்துகொள்ளும் கட்டளைத் தொடரைக் கொண்டு, சைபர்1 என்ற பெயரில் பிளேட்டோவை மீண்டும் இயங்கச் செய்தனர். யாரோ படியெடுத்து வைத்திருந்தமையால் பெடிட்5 அதில் மறுபடியும் இடம் பெற்றது. படியெடுக்கப்படாதவை போயின. பள்ளிக் கணிப்பொறிகளில் ஆசிரியர்கள் எழுதி வைக்கும் பாடங்களும் வினாத்தாள்களும் இந்நிலையிலேயே இருப்பதால், இரண்டாம் படி ஒன்றை வேறிடத்தில் வைத்திருப்பது நன்று.

கணிப்பொறி இல்லாத பள்ளியிலும் இதனை நடத்திப் பார்க்கலாம். சந்திரகிரிக் கோட்டைக்குச் சுற்றுலா சென்று வந்த வகுப்பாயின் மிகவும் பொருத்தம். ராஜ மகாலையும் ராணி மகாலையும் பார்த்த பிள்ளைகளிடம் ‘இதன் அடியில் நிலவறை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்’ என்றால் உடனே ஒப்புவர். அது கற்பனை என்பதை முன்னரே சொல்லிவிடவேண்டும்; வரலாற்றுப் பாடத்தில் குழப்பம் நேரலாகாது. வரிசைக்கு 10 கட்டமாக 10 வரிசை போதும். ஒரு மாணவன் கணிப்பொறி. அவனிடம் 0 முதல் 3 வரையுள்ள எண்கள் நிரம்பிய தாள் மட்டும் இருக்கும், படம் இராது. மற்றொருவன் பதினாறு எண் வரிசையைப் பார்த்து, அடிக்கு ஓர் எண்ணாகச் சொல்லிவருவான். ஆடுவோர் நால்வரும் தாங்கள் கேட்ட விடைகளைக் கொண்டு தத்தம் தாளில் வழியை வரைந்துகொண்டு செல்லவேண்டும். ஒவ்வொருவருக்கும் வலிமை 12; காவற்பூதம் ஒன்றுக்கு 3 குறையும். மணி அடித்ததும் நால்வர் தாளையும் எண்தாளோடு ஒப்பிட்டால், வழி எங்கே பிசகியது என்பது தெரியும். தெற்கே செல்லும்போது தன் கட்டத்தின் எண்ணையே பார்த்துவிட்டு விடை சொன்ன ‘கணிப்பொறி’யிடமே பெரும்பாலும் தவறு இருக்கும்.