மழைக்காலத்தில் வியர்க்கும் தகரக் கூரை

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் தொழிலில் இரண்டு கவலைகள். ஒன்று, அடைமழையில் வாடிக்கையாளர் வராதது. மற்றொன்று, கிட்டங்கியில் அடுக்கியிருக்கும் சரக்கு. முதல் கவலை மழை விட்டதும் தீர்ந்துவிடும். இரண்டாவது, மழை விட்ட பிறகுதான் தெரியவே வரும்.

எங்கள் அனுபவத்தையே சொல்கிறோம். தீபாவளி விற்பனைக்கு வாங்கியதில் சில மூட்டை மிளகாய் வற்றல் மிஞ்சியது. பத்து நாள் கழித்து மேல் மூட்டையைப் பிரித்தால் காம்பெல்லாம் பூஞ்சணம். கூரை ஒழுகுகிறது என்று எண்ணி ஆளை ஏற்றிப் பார்த்தோம். தகரத்தில் ஓர் ஓட்டைகூட இல்லை. சொட்டியது மழைத் தண்ணீர் அல்ல. கிட்டங்கிக் காற்றில் இருந்த தண்ணீர்!

தகரம் வியர்ப்பது ஏன்?

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 23 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 20 கிராம்தான் தாங்கும். மிச்சம் நீராக வெளியேற வேண்டியதுதான். குளிர்ந்த சோடா பாட்டிலின் வெளிப்புறம் நனைவது போலத்தான் இதுவும். இரவில் தகரம் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. அதன் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் மேல் மூட்டைகளில் சொட்டுகிறது.

நாம் செய்யும் தவறு

'காற்றோட்டம் நல்லது' என்று மழை பெய்யும்போதும் கதவைத் திறந்து போடுகிறோம். அப்போது உள்ளே வருவது ஈரக் காற்று. மழை நேரத்தில் மூடி வைத்து, வெயில் அடிக்கும் நண்பகலில் இருபக்கக் கதவுகளையும் திறப்பதே முறை.

கவனிக்க வேண்டியவை

1. ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி மாட்டுங்கள். 65 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 70-ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

2. உப்பைத் தனியே வையுங்கள். சுத்தமான உப்பே 75 சதவீத ஈரப்பதத்தில் நீர்த்துவிடும். கல்லுப்பு அதற்கும் முன்பே கசியும். உப்பு மூட்டை நனைந்தால் மற்ற சரக்கையும் உடனே பாருங்கள்.

3. வெறுந்தரையில் மூட்டை வேண்டாம். மரச்சட்டம் போட்டு, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள்.

4. லாரியில் நனைந்து வந்த மூட்டைகளைப் பழைய சரக்கோடு சேர்க்காதீர்கள். ஈரச் சாக்கு, தார்ப்பாயை உள்ளே உலர்த்தாதீர்கள்.

5. சொட்டுக்குப் பயந்து இரவில் தார்ப்பாய் போர்த்தினால், பகலில் எடுத்துவிடுங்கள். தகரத்தின் அடியில் வெப்பத்தடுப்புத் தாளை இடைவெளியின்றி ஒட்டுவது நிரந்தர வழி.

கடைசியாக ஒன்று

பூஞ்சணம் பிடித்த வற்றலையும் நிலக்கடலையையும் வெயிலில் காயவைத்துத் துடைத்து, நல்ல சரக்கோடு கலந்துவிடலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. எங்களுக்கும் வந்தது. ஆனால் பூஞ்சணத்தைத் துடைக்கலாம், அது விட்டுச்செல்லும் விஷத்தைத் துடைக்க முடியாது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம். அப்படித்தான் 'அஃப்ளடாக்சின்' என்ற நஞ்சு உலகுக்குத் தெரிய வந்தது. அது கல்லீரலைக் கெடுக்கும். சாதாரணச் சமையல் சூட்டில் அழியாது. பாதுகாப்பற்ற உணவை விற்பது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியதும்கூட.

நாங்கள் அந்த மூட்டைகளை அழித்தோம். கை கடித்தது உண்மைதான். ஆனால் நம்மை நம்பிப் பல வருடங்களாக வாங்கும் குடும்பத்தின் அடுப்பில் அது ஏறவில்லை என்ற நிம்மதி மிஞ்சியது. போன முதலை அடுத்த பண்டிகையில் எடுத்துவிடலாம். போன பெயரை எடுக்க முடியுமா?