டவர் இருக்கு... நெட் இருக்கா?

தர்மபுரியிலிருந்து வத்தல்மலைக்குப் போயிருக்கீங்களா? கொண்டை ஊசி வளைவுகளில் மலை மறைத்தால் டவர் கோடு குறையும். சில சமயம் கோடு இருக்கும், நெட் இருக்காது! புராஜெக்ட்டுக்கு ஆப் எழுதுற ஃப்ரெண்ட்ஸ், கோட்டை நம்பாதீங்க.

ஆண்ட்ராய்டில் 'கனெக்டிவிட்டி மேனேஜர்' இருக்கு. அதில் 'நெட்வொர்க் கால்பேக்' பதிந்துவிட்டால், இணைப்பு வந்தால் 'ஆன்அவைலபிள்', போனால் 'ஆன்லாஸ்ட்' என்று அதுவே சொல்லிவிடும். ஆனா, வந்தது நிஜ இன்டர்நெட்தானா? 'வேலிடேட்டட்' என்ற குறியைப் பாருங்க. 2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் இது உண்டு. வெளியே ஒரு சர்வரைத் தொட்டு, பதில் வந்த பிறகே போன் இந்தக் குறியைத் தரும்.

அதுவும் அந்த நிமிஷத்துக்குத்தான். மலைக்கிராமத்தில் நர்ஸ் அக்கா நாள் முழுக்க நடந்து பதிந்த விவரம், 'சப்மிட்' அழுத்தும்போது காணாமல் போனால்? எதையும் முதலில் போனிலேயே சேமிங்க. அனுப்பும் வேலையை, 'நெட் இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையோடு 'ஒர்க் மேனேஜரிடம்' விடுங்க. ஆப்பை விட்டு வெளியே வந்தாலும், நெட் கிடைக்கும்போது அனுப்பிவிடும்.