விலைப் போரின் படிப்பினை

ஒரு பொருளின் விலை குறைந்தது என்ற செய்தி எவருக்கும் கசப்பதில்லை. வாங்குவோன் தனக்கு ஆதாயம் என்று மகிழ்கிறான். கடைக்காரன் சரக்கு விரைவில் கழியும் என்று மகிழ்கிறான். விலையைக் குறைத்த கம்பெனியோ தன் தாராள மனத்தைத் தானே புகழ்ந்து விளம்பரம் செய்கிறது. ஆனால் பெரிய கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையைக் குறைக்கும்போது, அதனால் வாழ்பவர் யார், வீழ்பவர் யார், இறுதியில் அதன் செலவை ஏற்பவர் யார் என்ற கேள்விகள் எழாமற் போகா. இவற்றுக்கு விடை தேடுவோர்க்கு, வீடியோ விளையாட்டு யந்திரங்களை விற்கும் ஜப்பானிய, அமெரிக்கக் கம்பெனிகளின் சரித்திரம் தெளிவான பாடமாக விளங்குகின்றது. விளையாட்டுச் சாமான் பற்றிய விஷயந்தானே என்று நேயர்கள் இதனை ஒதுக்கிவிடலாகாது. கோடிக்கணக்கான குடும்பங்களின் பணமும், எண்ணற்ற தொழிலாளரின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கின்றன.

முதலில் இவ்வியாபாரத்தின் சூட்சுமத்தை அறிதல் வேண்டும். கன்சோல் என்று வழங்கும் இந்த யந்திரத்தை விற்பதில் கம்பெனிகளுக்குக் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் சொற்பமே. அடக்க விலைக்கும் கீழாக விற்ற காலங்களும் பல உண்டு. உண்மையான வருவாய் அதில் ஆடப்படும் விளையாட்டுகளிலிருந்தே வருகிறது. தானே தயாரிக்கும் விளையாட்டுகளால் வரும் லாபம் ஒருபுறமிருக்க, பிறர் தயாரித்து விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் யந்திரத்தின் சொந்தக்காரன் ஒரு கட்டணம் பெறுகிறான். ஆகவே யந்திரம் எத்தனை வீடுகளில் நுழைகிறதோ அத்தனைக்கு விளையாட்டுத் தயாரிப்போர் அதனை நாடி வருவர். விளையாட்டுகள் பெருகப் பெருக யந்திரமும் மேலும் விலைபோகும். இந்தச் சக்கரத்தை முதலில் சுழலச் செய்வதற்கு விலைக் குறைப்பே கைக்கு எட்டிய கருவி. ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் சில்லுகள் சிறுத்து, செய்கூலியும் தணியும். அவ்வாறு தணிந்த பின் விலையைக் குறைப்பவன் தன் லாபத்தில் ஒரு பகுதியை விட்டுக் கொடுக்கிறான். தணியாமுன் குறைப்பவனோ தன் தசையையே அறுத்துக் கொடுக்கிறான். இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை மறத்தலாகாது.

செகா என்னும் ஜப்பானியக் கம்பெனியின் வரலாறே இதற்குச் சான்று. 1989ஆம் ஆண்டில் செகா தனது ஜெனிசிஸ் யந்திரத்தை அமெரிக்காவில் 189 டாலருக்கு வெளியிட்டபோது, அந்நாட்டுச் சந்தையில் நிண்டெண்டோவே முடிசூடா மன்னனாக வீற்றிருந்தது. 1991ல் செகாவின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராயிருந்த டாம் கலின்ஸ்கி, யந்திரத்தின் விலையை 149 டாலராகக் குறைக்க வேண்டும் என்றும், புதிதாக உருவான ‘சோனிக்’ விளையாட்டையும் அதனுடனேயே சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்றும் வாதாடினார். நன்றாக விலைபோகக் கூடிய சரக்கை இலவசமாகக் கொடுப்பது என்ன புத்தி என்று ஜப்பானிலிருந்த அதிகாரிகள் திகைத்தனர். எனினும் இறுதியில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிண்டெண்டோ தனது சூப்பர் நிண்டெண்டோவை 199 டாலருக்குக் கொண்டுவந்தது. ஐம்பது டாலர் வித்தியாசமும், கூடவே ஒரு நல்ல விளையாட்டும் என்றால் ஜனங்கள் எதை நாடுவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அசைக்க முடியாதென்று எண்ணப்பட்ட நிண்டெண்டோவுக்குச் சமமாகச் செகா எழுந்து நின்றது. இங்கே விலைக் குறைப்பு வென்றது உண்மை. ஆனால் அது தனித்து நின்று வெல்லவில்லை. அதன் கையில் சோனிக் என்னும் வாள் இருந்தது.

அடுத்த களத்தில் நிலைமை தலைகீழாயிற்று. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் முதன்முறையாகக் கூடிய இ3 கண்காட்சியில், செகா தனது சாட்டர்ன் யந்திரம் அன்றைய தினமே விற்பனைக்கு வந்துவிட்டது என்றும், விலை 399 டாலர் என்றும் அறிவித்தது. இத்தொழிலுக்குப் புதிதாக வந்த சோனியின் முறை வந்ததும், அதன் அமெரிக்கப் பிரதிநிதி ஸ்டீவ் ரேஸ் மேடையேறி, ‘299’ என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். சபையில் எழுந்த ஆரவாரத்தில் செகாவின் விதி பாதி எழுதப்பட்டுவிட்டது என்றால் மிகையாகாது. செப்டம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷனை எதிர்க்கச் செகாவும் விலையைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1996 மே மாதத்தில் இரண்டும் 199 டாலருக்கு இறங்கின. ஆயினும் இருவர் இறங்கியதும் ஒரே படியில் அன்று. சாட்டர்னுக்குள் இரண்டு மூளைச் சில்லுகளும் வேறு பல உறுப்புகளும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. அதன் செய்கூலியைக் குறைப்பது எளிதாக இல்லை. சோனியோ தானே மின்சாதன உற்பத்தியில் பேர்பெற்றது. அதன் யந்திரத்தின் அமைப்பும் எளியது. ஒரே விலைதான், ஆனால் ஒருவனுக்கு அது நடை, மற்றவனுக்கு அது ஓட்டம். முடிவில் பிளேஸ்டேஷன் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. சாட்டர்ன் ஒரு கோடியையும் எட்டவில்லை.

செகா மனந்தளரவில்லை. 1999 செப்டம்பர் 9ந் தேதி டிரீம்காஸ்ட் என்னும் அருமையான யந்திரத்தை அமெரிக்காவில் 199 டாலருக்கு வெளியிட்டது. தொடக்கம் அமோகமாயிருந்தது. ஆனால் பிளேஸ்டேஷன் 2 வரப் போகிறது என்ற செய்தியே ஜனங்களின் கையைக் கட்டிவிட்டது. அது டி.வி.டி. படங்களையும் காட்டவல்லது, பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டுகளையும் ஏற்கவல்லது. அதன் விலை 299 டாலர். அதற்கு முன்னதாகவே 2000ஆம் ஆண்டில் செகா டிரீம்காஸ்டின் விலையை 149 டாலராகக் குறைத்தது. எதிரியின் விலையில் பாதி! அப்படியிருந்தும் ஜனங்கள் காத்திருந்து சோனியையே வாங்கினர். 2001 ஜனவரி இறுதியில் யந்திர உற்பத்தியையே நிறுத்துவதாகச் செகா அறிவித்தது. அதன்பின் கையிருப்பைத் தீர்க்க 99 டாலருக்கு விற்றது. அதன் தலைவர் இசாவோ ஓகாவா தமது சொந்தப் பங்குகளைக் கம்பெனிக்கே தானமாகக் கொடுத்து அதனைத் திவாலாகாமற் காத்து, அவ்வாண்டு மார்ச்சிலேயே காலமானார். 1991ல் செகாவை உயர்த்திய அதே கருவி பத்தாண்டுக்குள் அதற்குப் பயன்படாமற் போனது ஏன்? மலிவு ஒருவனைக் கடை வாசலுக்கு அழைத்து வரும்; நம்பிக்கைதான் அவனைப் பணப்பையைத் திறக்கச் செய்யும். சாட்டர்னை வாங்கிக் கைவிடப்பட்டவர்களிடம் செகா இழந்தது அந்த நம்பிக்கையையே.

விலைக் குறைப்பு வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. 2011ல் நிண்டெண்டோ தனது 3டி.எஸ். என்னும் கையடக்க யந்திரத்தை அமெரிக்காவில் 250 டாலருக்கு விற்கத் தொடங்கியது, விற்பனை மந்தமாயிற்று. சோனியும் தனது விட்டா யந்திரத்தை அதே விலைக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. நிண்டெண்டோ தயங்கவில்லை. ஆறு மாதங்கூட நிறையாத நிலையில், ஆகஸ்டிலேயே விலையை 170 டாலராக வெட்டியது. தலைவர் சடோரு இவாடா தமது சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். முழு விலை கொடுத்து முன்னரே வாங்கியவர்களுக்கு இருபது பழைய விளையாட்டுகள் இலவசமாக வழங்கப்பட்டன. ஆண்டு முடியுமுன் புதிய மாரியோ விளையாட்டுகள் இரண்டு வெளிவந்தன. அந்த நிதியாண்டில் கம்பெனி நஷ்டம் கண்டது மெய். ஆனால் யந்திரம் பிழைத்தது. பின்னர் ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. கையில் சேமிப்பும், அடுத்து விற்க நல்ல சரக்கும், தவற்றை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் இருந்தமையால் அந்த வெட்டு மருத்துவன் கத்தியாயிற்று.

இவ்விடத்தில் முதலில் வாங்கியவனுக்குரிய நியாயத்தையும் குறிப்பிடுவது நமது கடமை. 2002 மார்ச்சில் மைக்ரோசாப்ட் தனது எக்ஸ்பாக்ஸை இங்கிலாந்தில் 299 பவுனுக்கு வெளியிட்டு, மறு மாதமே 199 பவுனாகக் குறைத்தது. ஒரு மாதப் பொறுமையின்மைக்கு 100 பவுன் அபராதமா என்று வாங்கியவர்கள் கேட்டதில் பிழையென்ன? கம்பெனியும் அவர்களுக்கு இரண்டு விளையாட்டுகளையும் ஒரு கைக்கருவியையும் ஈடாகக் கொடுத்தது. அதே ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் சோனி 199 டாலருக்கு இறங்க, மறுநாளே மைக்ரோசாப்டும் 199க்கு இறங்க, சில தினங்களில் நிண்டெண்டோவும் 149க்கு இறங்கியது. மூவரும் சேர்ந்து இறங்கினர், வரிசை மாறவில்லை. முன்னே நின்ற சோனி மேலும் முன்னேறியது. எல்லோரும் ஒருங்கே குறைக்கும்போது பலவான் பலவானாகவே இருக்கிறான் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமோ?

ஆனாலும் அந்நாட்களில் ஜனங்களுக்கு ஓர் உறுதி இருந்தது: காத்திருந்தால் விலை குறையும் என்பதே அது. 2025ல் அவ்வுறுதியும் தகர்ந்தது. வெளிவந்து நான்கரை ஆண்டுகளான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் யந்திரத்தின் விலை, அமெரிக்காவில் அவ்வாண்டு மே மாதத்தில் 500 டாலரிலிருந்து 600க்கு உயர்ந்தது. அக்டோபரில் 650 ஆயிற்று. ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 5ம் 500லிருந்து 550க்கு ஏறியது. சந்தை நிலைமையும் பொருளாதார நெருக்கடியும் காரணமாகக் கூறப்பட்டன. அவை பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஒருவன் ஏற்றினால் மற்றவன் குறைத்து வாடிக்கையைக் கவர்ந்துகொள்வான் என்ற அச்சம் இருந்திருக்குமாயின், இருவரும் இத்தனை சுலபமாக ஏற்றியிருப்பரோ? மேடையேறி ஓர் எண்ணைச் சொல்லி எதிரியைக் கலங்கடிக்க அன்று ஒரு புதியவன் இருந்தான். இன்று அத்தகையவனைக் காணோம்.

ஆகவே விலைக் குறைப்பைக் கண்டு மயங்குவதும் தவறு, வெறுப்பதும் தவறு. குறைக்கிறவன் செய்கூலி தணிந்து குறைக்கிறானா, நஷ்டத்துக்கு அஞ்சிக் குறைக்கிறானா, எதிரியை ஒழித்துவிட்டுப் பின்னர் ஏற்றுவதற்காகக் குறைக்கிறானா என்று ஜனங்கள் ஆராய்ந்து பார்த்தல் வேண்டும். மலிவு ஒரு நாளைய ஆதாயம். போட்டியோ நிரந்தர ஆதாயம். முன்னதற்காகப் பின்னதை இழக்கும் சமூகம், இன்று மிச்சம் பிடித்த காசை நாளை வட்டியுடன் கட்ட வேண்டியதாகும் என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை.