வேன் வாழ்க்கையில் சமூகம்

வேன் வாழ்க்கை என்பது வேன், பழைய பேருந்து, இழுவை வண்டி போன்ற ஓர் ஊர்தியையே வீடாகக் கொண்டு வாழும் முறையாகும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இம்முறையில் வாழ்வோர் பலர். இவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு கண்டடைகின்றனர், நிலையான ஊர் இல்லாமலே ஊராரை எவ்வாறு உருவாக்கிக்கொள்கின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டில் குடியிருப்பவருக்கு அண்டை வீட்டார் வீட்டோடு சேர்ந்தே கிடைத்துவிடுகின்றனர். பால்காரர், கடைக்காரர், எதிர்வீட்டுப் பெரியவர் என்று தேடாமலே அமையும் உறவுகள் பல. வேனில் வாழ்பவருக்கு இவை எதுவும் தாமாக அமைவதில்லை. இரண்டு நாள் வெளியே வராவிட்டால் கதவைத் தட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றால், அந்த ஆளை அவரே முயன்று தேடிக்கொள்ள வேண்டும்.

வேனில் வாழ்வோர் யார்?

இவர்களைப் பொதுவாக மூன்று வகையினராகக் கொள்ளலாம். ஓய்வு பெற்ற பின் விருப்பத்தோடு ஊர் சுற்றுவோர் முதல் வகையினர். இணையம் வழியாக வேலை செய்துகொண்டே பயணிக்கும் இளையோர் இரண்டாம் வகையினர். 2011 இல் நியூயார்க் வேலையை விட்டு வேனில் குடியேறிய ஃபாஸ்டர் ஹன்டிங்டன் தம் படங்களுக்கு இட்ட 'வேன்லைஃப்' என்னும் குறிச்சொல் இவர்களிடையே பரவியது. வீட்டு வாடகை கட்ட முடியாமல் ஊர்திக்கு வந்தோர் மூன்றாம் வகையினர். 2008 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர் இவ்வகையில் அடங்குவர்.

நடைமுறையில் இவ்வகைகள் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும். ஒரே தீயைச் சுற்றி மூன்று வகையினரும் அமர்ந்திருப்பதைக் காணலாம்.

உறவு அமைவதிலுள்ள தடைகள்

முதல் தடை நிலச்சட்டம். நாட்டின் மேற்குப் பகுதியிலுள்ள பொதுநிலங்களில் பெரும்பரப்பை நில மேலாண்மைப் பணியகம் என்னும் நடுவண் அரசுத் துறை ஆள்கிறது. இந்நிலங்களில் பெரும்பாலும் கட்டணமின்றித் தங்கலாம். ஆனால் பொது விதியின்படி 28 நாட்களுக்குள் 14 நாட்கள் மட்டுமே ஓரிடத்தில் தங்க முடியும். அதன்பின் பல இடங்களில் 25 மைல், அதாவது ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவுக்கு நகர வேண்டும். பக்கத்து வண்டிக்காரரின் பெயர் மனத்தில் பதியும் நேரத்தில் பிரியும் நாள் வந்துவிடுகிறது.

இரண்டாம் தடை நகரங்களின் விதிகள். பல நகரங்களில் ஊர்தியில் உறங்குவது குற்றம். அங்கே தங்குவோர் விளக்கை அணைத்து, திரையிட்டு, ஆள் இருப்பதே தெரியாமல் இரவைக் கழிக்கின்றனர். நள்ளிரவில் காவலர் கதவைத் தட்டும் ஒலியை இவர்கள் 'தட்டல்' என்றே குறிப்பிடுகின்றனர். தன்னை மறைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் எவரும் நட்புக் கொள்ள முடியாது. ஆகவே இவர்களின் சமூகம் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே, ஒளிய வேண்டாத நிலத்தில்தான் உருவாகிறது.

முன்வரலாறு

ஊர்திப் பயணிகள் சங்கம் சேர்வது புதிதன்று. 1919 இல் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரிலுள்ள டி சோட்டோ பூங்காவில் முகாமிட்டவர்கள் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்னும் சங்கத்தை அமைத்தனர். காரின் ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்த தகரக் குவளையே இவர்களின் அடையாளம். சாலையில் எதிர்ப்படும் முன்பின் அறியாதவர் தம்மவரா என்பதை அக்குவளை அறிவித்தது.

ஏர்ஸ்ட்ரீம் இழுவை வீடுகளை உருவாக்கிய வாலி பையம் 1950களில் பெருங்கூட்டமாகப் பயணங்களை நடத்தினார். அவர் பெயரிலான சங்கம் 1955 இல் தோன்றியது. 1959 இல் தொடங்கிய ஒரு பயணம் ஆப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து கெய்ரோவை நோக்கிச் சென்றது.

இவை விடுமுறைப் பயணிகளின் சங்கங்கள். ஆண்டு முழுவதும் ஊர்தியிலேயே வாழ்வோரின் தேவைகளை மையமாகக் கொண்டு 1978 இல் தொடங்கியது எஸ்கேப்பீஸ் சங்கம். இதனை நிறுவியவர்கள் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்னும் தம்பதியர். இச்சங்கத்தின் தலைமையிடம் டெக்சாஸ் மாநிலத்தின் லிவிங்ஸ்டன் ஆகும். துணையின்றித் தனியே பயணிப்போருக்கென 'லோனர்ஸ் ஆன் வீல்ஸ்' என்னும் சங்கமும் உண்டு. இதன் உறுப்பினர் ஒருவர் துணையைத் தேடிக்கொண்டால் சங்கத்திலிருந்து விலக வேண்டும் என்பது இதன் வழக்கம்.

குவார்ட்சைட்: நாள்காட்டியால் அமையும் ஊர்

அரிசோனாவின் மேற்கில் கலிபோர்னியா எல்லைக்கு அருகே குவார்ட்சைட் என்னும் சிற்றூர் உள்ளது. 2020 கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் ஏறத்தாழ 2,400 பேர். கோடையில் வெப்பம் 40 பாகை செல்சியசை எளிதில் தாண்டும். குளிர்காலத்திலோ இதமான பகலும் மழையற்ற வானமும் கிடைக்கும். எனவே டிசம்பர் முதல் மார்ச் வரை ஊரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் பல்லாயிரம் ஊர்திகள் கூடுகின்றன. 1960களில் தொடங்கிய கனிமக் கற்கள் கண்காட்சி இக்கூடலை வளர்த்தது.

ஊரை ஒட்டிய லா போசா என்னும் பகுதி நீண்டகாலத் தங்கல் நிலமாகும். இவ்வகை நிலங்களை நில மேலாண்மைப் பணியகம் 1983 இல் ஏற்படுத்தியது. இங்கு 14 நாள் விதி இல்லை. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்குப் பல ஆண்டுகளாக 180 டாலர் கட்டணம் பெறப்பட்டது. குடிநீர்க் குழாய், கழிவுநீர் இறக்கும் இடம், குப்பைத் தொட்டி ஆகியவை உண்டு. மின்சாரத்துக்கு அவரவர் சூரியத் தகடுதான்.

பருவம் முழுவதும் ஒரே இடத்தில் இருக்க முடிவதால் இங்கே அண்டை அயல் உருவாகிறது. ஒரே குழுவினர் ஆண்டுதோறும் அதே புதரருகே வந்து வட்டமாக வண்டிகளை நிறுத்துகின்றனர். கோடை வந்ததும் ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள காடுகளுக்குப் பலர் செல்கின்றனர். குளிர் தொடங்கியதும் மீண்டும் இறங்கி வருகின்றனர். நிலம் தராத நிலைத்தன்மையை நாள்காட்டி தருகிறது. "எங்கே இருப்பீர்கள்?" என்ற கேள்விக்கு விடையில்லாதவரிடம், "சனவரியில் எங்கே இருப்பீர்கள்?" என்ற கேள்விக்கு விடை உண்டு.

ரப்பர் டிராம்ப் ரான்டேவூ

இக்கூடல்களில் பெயர் பெற்றது 'ரப்பர் டிராம்ப் ரான்டேவூ'. 'டிராம்ப்' என்றால் அலைந்து திரிபவர். காலால் நடந்து அலையாமல் ரப்பர் சக்கரத்தில் அலைபவர் என்பதே பெயரின் பொருள். 'ரான்டேவூ' என்பது குறித்த இடத்தில் சந்திப்பதைக் குறிக்கும். 1825 முதல் 1840 வரை ராக்கி மலைகளில் தனித்தனியே வேட்டையாடிய தோல் வணிகர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடினர். அவ்வழக்கத்தை மாதிரியாகக் கொண்டே இக்கூடல் தொடங்கப்பட்டது.

இதனைத் தொடங்கியவர் பாப் வெல்ஸ். 1995 இல் மணமுறிவுக்குப் பின் வாடகை கட்ட இயலாமல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் பழைய பெட்டி வேன் ஒன்றில் குடியேறியவர் இவர். 2010 இல் நடந்த முதல் கூடலுக்கு ஏறத்தாழ 45 ஊர்திகள் வந்தன. 2018 அளவில் இது ஆயிரக்கணக்கில் பெருகியது.

கூடலில் காலை நேர வகுப்புகள் நடைபெறும். சூரியத் தகடு பொருத்துதல், குறைந்த செலவில் சமைத்தல், காவலர் கண்ணில் படாமல் இரவு தங்குதல் போன்றவற்றை அனுபவமுள்ளோர் புதியோருக்குக் கற்பிப்பர். தேவையற்ற பொருள்களை ஒரு விரிப்பில் வைத்துவிட்டுத் தேவையானதை எடுத்துக்கொள்ளும் 'இலவசக் குவியல்' உண்டு. பெண்களுக்கென 2018 முதல் தனிக் கூடலும் நடத்தப்பட்டது. அதே ஆண்டில் வெல்சும் தோழர்களும் 'ஹோம்ஸ் ஆன் வீல்ஸ் அலையன்ஸ்' என்னும் அறநிறுவனத்தை அமைத்தனர். வசிக்கும்படி மாற்றியமைத்த ஊர்திகளைத் தேவைப்படுவோருக்கு வழங்குவது அதன் பணிகளுள் ஒன்று.

பத்திரிகையாளர் ஜெசிகா புரூடர் இம்மக்களோடு பல காலம் பயணித்து 2017 இல் 'நோமேட்லேண்ட்' என்னும் நூலை வெளியிட்டார். அதனைத் தழுவிக் குளோயி ஜாவ் இயக்கிய திரைப்படம் 2021 இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. பாப் வெல்ஸ், லிண்டா மே, சுவாங்கி ஆகியோர் அதில் தாங்களாகவே தோன்றினர்.

வேலை வழி உறவு

கூடல் முடிந்த பின்னும் உறவைத் தொடரச் செய்வது பெரும்பாலும் வேலைதான். அக்டோபரில் வடக்கு டகோட்டா, மினசோட்டா மாநிலங்களின் சிவப்பு ஆற்றுப் பள்ளத்தாக்கில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை நடைபெறும். அங்கு 12 மணி நேர முறைப்பணிக்கு ஊர்தியில் வாழ்வோர் செல்கின்றனர். கோடையில் அரசு முகாம் தளங்களில் பொறுப்பாளராகப் பணியாற்றுவோரும் பலர். கழிவறை தூய்மை செய்தல், கட்டணம் பெறுதல் ஆகியவை அவர்கள் பணி. அமேசான் நிறுவனம் 2008 இல் தொடங்கிய 'கேம்பர்ஃபோர்ஸ்' திட்டத்தின் கீழ் முதியோர் பலர் பண்டிகைக் காலத்தில் கிடங்குகளில் உழைத்தனர்.

இவ்வேலைகள் கடினமானவை. மூட்டுவலியோடு நாள் முழுவதும் நிற்க வேண்டியிருக்கும். எனினும் ஒரே முறைப்பணியில் நின்றவர்களிடையே ஏற்படும் நெருக்கம், தீ மூட்டிப் பேசியவர்களிடையே ஏற்படும் நெருக்கத்தைவிட உறுதியானதாகப் பலமுறை அமைகிறது. அடுத்த பருவத்தில் எங்கே வேலை, எந்த மேலாளர் நல்லவர் என்னும் செய்திகளும் இவ்வழியே பரவுகின்றன.

முகாம் ஒழுங்கு

எழுதப்படாத சில வழக்கங்கள் முகாம்களில் பின்பற்றப்படுகின்றன:

ஏற்கெனவே நிற்கும் வண்டிக்கு அருகே நிறுத்தும் முன் கேட்க வேண்டும். பாலைவனம் பரந்தது, இடைவெளி விடுவதே மரியாதை.

பக்கக் கதவு திறந்திருந்தால் பேசலாம். மூடியிருந்தால் அழைக்கக் கூடாது.

ஒருவர் எங்கிருந்து வந்தார் என்று கேட்கலாம். ஏன் வந்தார் என்று அவராகச் சொல்லும்வரை கேட்பதில்லை.

ஜெனரேட்டரை இரவில் நிறுத்த வேண்டும். குப்பையைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும்.

புறப்படும் முன் போகும் திசையை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும். தனியே பயணிக்கும் பெண்கள் இதனைக் கண்டிப்பாகப் பின்பற்றுகின்றனர்.

சிறிய வீட்டில் தனிமை அரிது; பெரிய பாலைவனத்தில் துணை அரிது. இரண்டையும் காப்பதே இவ்வழக்கங்களின் நோக்கம்.

முகவரி

ஓட்டுநர் உரிமம், காப்பீடு, வாக்குரிமை, மருந்து, ஓய்வூதியக் கடிதம் ஆகிய அனைத்துக்கும் முகவரி தேவை. முகவரியில்லாதவர் சட்டத்தின் பார்வையில் எந்த ஊரையும் சேர்ந்தவர் ஆகார். ஆகவே பலர் டெக்சாஸ், புளோரிடா, தெற்கு டகோட்டா ஆகிய மூன்றில் ஒன்றைத் தம் மாநிலமாகப் பதிவு செய்கின்றனர். இம்மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. உறுப்பினரின் அஞ்சலைப் பெற்று, அவர் இருக்குமிடத்துக்கு அனுப்பிவைக்கும் பணியை எஸ்கேப்பீஸ் சங்கம் லிவிங்ஸ்டனிலிருந்து செய்கிறது.

முதுமையும் நோயும்

இச்சமூகத்தின் உண்மையான சோதனை, உறுப்பினர் ஒருவரால் இனி வண்டி ஓட்ட முடியாது என்னும் நாளில் தொடங்குகிறது. பார்வை மங்கினாலோ, பக்கவாதம் வந்தாலோ, வீடும் வாகனமும் ஒரே நாளில் பயனற்றுப் போகின்றன. பல ஆண்டுகள் பயணித்தவருக்குத் திரும்பிச் செல்லச் சொந்த ஊர் இருப்பதில்லை.

இதற்கு ஒரு விடையாக லிவிங்ஸ்டனில் 'கேர்' என்னும் மையம் உள்ளது. இது எஸ்கேப்பீஸ் சங்கத்தோடு தொடர்புடைய இலாப நோக்கற்ற அமைப்பு. இங்கு வருபவர் தம் ஊர்தியைவிட்டு இறங்க வேண்டியதில்லை. மையத்தின் நிலத்தில் வண்டியை நிறுத்தி அதிலேயே வாழலாம். உணவு, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல், பகல்நேரப் பராமரிப்பு ஆகியவை அளிக்கப்படுகின்றன. உதவியாளராக வருவோரும் ஊர்தியில் பயணிக்கும் தன்னார்வலர்களே. இன்று உணவு பரிமாறுபவர் ஒருநாள் அதே மேசையில் அமரக்கூடும் என்பதை இருதரப்பினரும் அறிவர்.

வரம்புகள்

இச்சமூகம் எல்லோருக்கும் சமமாகத் திறந்திருக்கவில்லை. வேனில் வாழ்வோரிடையே வெள்ளையர் மிகுந்திருப்பதைப் புரூடர் தம் நூலில் குறிப்பிடுகிறார். இரவில் சாலையோரம் நிற்கும் வண்டியில் இருப்பவர் கறுப்பினத்தவர் என்றால், காவலரின் தட்டல் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். சுதந்திரம் என ஒருவர் கூறும் அதே இரவு மற்றொருவருக்கு அச்சமாகிறது.

சட்டமும் கடுமையாகி வருகிறது. பொது இடத்தில் உறங்குவோரைத் தண்டிக்கும் நகரச் சட்டங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2024 சூனில் உச்சநீதிமன்றம் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. மறுபுறம், கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் 2004 முதல் பாதுகாப்பான நிறுத்தத் திட்டம் நடைபெறுகிறது. தேவாலயங்கள் முதலியவற்றின் வாகன நிறுத்துமிடங்களில் இரவு தங்க இத்திட்டம் அனுமதி பெற்றுத் தருகிறது. நகரத்தில் வேலை செய்துகொண்டு வண்டியில் உறங்குவோருக்கு, பாலைவனக் கூடலைவிட ஒளியாமல் உறங்கக் கிடைக்கும் இந்த ஓர் இரவே பெரிய தேவை.

தொகுப்புரை

நிலம் இல்லாத இடத்தில் சமூகம் அமைவதற்கு மூன்று துணைகள் தேவைப்படுவதை மேற்கண்ட எடுத்துக்காட்டுகள் காட்டுகின்றன. மாறாத தேதி, சேர்ந்து செய்யும் வேலை, நோயுற்றபோது திரும்பிவர ஓரிடம் என்பவையே அவை. முதலிரண்டும் குவார்ட்சைட்டின் சனவரித் தீயருகிலும் அறுவடை வயல்களிலும் கிடைக்கின்றன. மூன்றாவது மிகச் சிலருக்கே கிடைக்கிறது. ஆண்டுதோறும் வந்த வண்டி ஒன்று ஒரு குளிர்காலத்தில் வராதபோது, ஏன் வரவில்லை என்று தேடுவோர் எத்தனை பேர் என்பதே இச்சமூகத்தின் வலிமையை அளக்கும் அளவுகோல்.