ஒரே மரம், நாலு பருவம்! ரோட்டோரப் பனங்கடையின் கதை

கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. அதற்குள் அந்த வீட்டுப் பெரியவர் மூன்றாவது பனையில் ஏறிவிட்டார்!

காலில் தளைநார். இடுப்பில் அரிவாள் பெட்டி. கீழே அவர் மனைவி குடத்துடன் நிற்கிறார். வெயில் ஏறுவதற்குள் பதநீர் இறங்க வேண்டும். கொட்டகைக்குப் போய்ச் சேர வேண்டும். விற்றும் ஆக வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டம் உடன்குடி வட்டாரத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களைக் காணலாம். அங்கே சிவந்த மணல் மேடுகள் உண்டு. அவற்றைத் "தேரி" என்கிறார்கள். நெல்லுக்கு ஆகாத அந்த மணலிலும் பனை வளரும். சொந்தமாகவோ, குத்தகைக்கோ சில பனைகள். ரோட்டோரம் நாலு கம்பு நட்டு, மேலே ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அதுதான் கடை!

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. காலண்டரும் தேவையில்லை. என்ன பொருள் விற்கிறது என்று பார்த்தால், என்ன மாதம் என்று சொல்லிவிடலாம்!

பதநீர்க் காலம்

தை, மாசியில் பாளை வெளிவரத் தொடங்கும். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால், சாறு சொட்டுச் சொட்டாக வடியும். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அதைப் பிடிக்கிறார்கள். அதுதான் பதநீர்.

சுண்ணாம்பு இல்லாவிட்டால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே, சுண்ணாம்பை மறந்தால் நஷ்டம் மட்டுமல்ல, வம்பும் வந்து சேரும்!

பாளையை நாள் தவறாமல் சீவ வேண்டும். இல்லாவிட்டால் சாறு நின்றுவிடும். வீட்டில் கல்யாணமானாலும் சரி, காய்ச்சலானாலும் சரி, யாராவது ஏறியே ஆக வேண்டும். ஒரு நாளில் 30, 40 மரம் ஏறுகிறவர்களும் உண்டு.

வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போகிறவர்கள் கொட்டகையில் நிற்பார்கள். பச்சை ஓலையை மடித்துப் பட்டை செய்து, அதில் பதநீரை ஊற்றிக் கொடுப்பார் வீட்டம்மாள். இரண்டு கைகளாலும் ஏந்திக் குடித்தால் உடம்பெல்லாம் குளிரும்!

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அக்கா!" என்பார் வந்தவர்.

"குடிங்க அண்ணாச்சி. மிஞ்சினா இன்னைக்கே அடுப்புக்குத்தான் போகணும்" என்பார் அந்த அம்மாள்.

அடுப்படியில் ஒரு சேமிப்பு

அது வேடிக்கைப் பேச்சு அல்ல. பதநீர் மறுநாள்வரை நிற்காது. விற்காமல் மிஞ்சியதைப் பெரிய தாச்சியில் ஊற்றி, மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். கிண்டுகிற கை ஓயக் கூடாது. பதம் வந்ததும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி ஆறவைத்தால் கருப்பட்டி. ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும்.

விறகும் வேலையும் இவ்வளவு ஆகும்போது விலை எப்படிக் குறையும்? ஆனால் சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. "அங்கே குறைவாகத் தருகிறார்களே?" என்று கேட்டுவிட்டுப் போகிறவர்கள் பலர். ருசி தெரிந்தவர்கள் திரும்பி வருகிறார்கள்.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்கு அது பெருமை. ஆனால், அடுப்பின் முன்னால் நிற்கிறவர்களுக்குப் புகை குறையவில்லை.

வீட்டில் நடக்கும் கணக்கு

சித்திரை, வைகாசியில் நுங்குக் குலைகள் வந்து குவியும். ஒரு காய்க்குப் பெரும்பாலும் மூன்று கண். பெரியவர்கள் நுங்கைத் தின்ன, பிள்ளைகள் வெறுங்காயில் குச்சி செருகி வண்டி ஓட்டுவார்கள்!

இங்கேதான் குடும்பத்துக்கு ஒரு பெரிய கணக்கு இருக்கிறது.

ஆண்பனையில் காய் இல்லை. அதனால் அதில் பதநீர் மட்டும்தான். பெண்பனையில் பாளையைச் சீவினால் பதநீர் கிடைக்கும். அந்தப் பாளையில் நுங்கு கிடைக்காது. நுங்கை வெட்டினால் பழம் இல்லை. பழம் இல்லாவிட்டால் கொட்டை இல்லை. கொட்டை இல்லாவிட்டால் கிழங்கும் இல்லை!

எந்த மரத்தைச் சீவுவது? எதை நுங்குக்கு விடுவது? எதைப் பழுக்க விடுவது? ஆண்டின் தொடக்கத்திலேயே கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்கிறார்கள். கணக்குத் தவறினால், பிற்பாதி வருஷத்தில் கொட்டகை காலி!

மண்ணுக்குள் முளைக்கும் பணம்

ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். சுட்ட பழத்தின் வாசனை தெருவையே இழுக்கும். தின்ற பிறகு கொட்டையை எறிவதில்லை. மணலைக் கூட்டிப் பாத்தி போட்டு, அதில் கொட்டைகளைப் பரப்பி மூடிவிடுகிறார்கள். மற்றதை மழை பார்த்துக்கொள்ளும்.

நவராத்திரியில் குலசேகரப்பட்டினம் தசராவுக்கு ஜனங்கள் திரண்டு வருவார்கள். அப்போது பதநீரும் இல்லை, நுங்கும் இல்லை. பரணில் அடுப்புப் புகை படும்படி வைத்திருந்த பழைய கருப்பட்டிதான் கைகொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையின் ஈரக் காற்று பட்டால் கருப்பட்டி இளகிவிடும். அதனால்தான் அதற்குப் பரண்!

கார்த்திகைத் தீபத்துக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிக்கக் குருத்தோலை விற்கும். மார்கழியில் பாத்தியைத் தோண்டினால் கிழங்கு தயார். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தால், பிள்ளைகளுக்கு வேறு பலகாரம் வேண்டாம். பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள்குலையும் போல, பனங்கிழங்கும் வீட்டுக்கு வீடு போகும். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் வாங்குவார்கள். அதற்குள் அடுத்த பாளை எட்டிப் பார்க்கும்!

இனி யார் ஏறுவது?

பனை 100 அடி உயரம்கூட வளரும். கால் தவறினால் உயிர் போகும். தப்பினாலும் இடுப்போ, முதுகோ போகும். அதனால் தன் பிள்ளை பனை ஏற வேண்டாம் என்றே பல தகப்பன்மார் நினைக்கிறார்கள். பிள்ளைகளும் படித்துவிட்டு, வெளியூரில் சம்பளத்துக்குப் போகிறார்கள். அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால், ஏற ஆள் இல்லாத பனை சூளை விறகாகிவிடுகிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் சட்டசபையில் படித்த வேளாண்மை பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டமும் அதில் இருந்தது. மரத்தைக் காக்க உத்தரவு போடலாம். ஏறுகிற காலை எங்கிருந்து கொண்டுவருவது?

அந்தப் பெரியவருக்கும் வயதாகிறது. உயரமான மரங்களை அவர் ஒவ்வொன்றாக விட்டுவருகிறார். விட்ட மரங்களில் காய் தானாகப் பழுக்கிறது. பதநீர் குறைந்தாலும் பழம் கூடியிருக்கிறது, பாத்தி பெரிதாகியிருக்கிறது. மார்கழிக் கிழங்குதான் இப்போது அந்த வீட்டுக்குப் பெரிய வரும்படி!

ஒவ்வோர் ஆவணியிலும் அவர் ஒரு காரியம் செய்கிறார். நல்ல கொட்டைகளாகப் பொறுக்கி, வேலியோரம் புதைக்கிறார். அவற்றைக் கிழங்குக்காகத் தோண்டுவதில்லை. அவை மரமாகிப் பாளை விடப் பதினைந்து வருஷமாவது ஆகும்.

"அதுவரைக்கும் நீங்க ஏறுவீங்களா?" என்று சிரிக்கிறார் மனைவி.

"நான் எதுக்கு ஏறணும்? பழம் தானா விழும்லா!" என்கிறார் பெரியவர்.