காலிமுகத்திடலின் 72 மீற்றர்

2016 டிசம்பர் 24 இரவு கொழும்பு காலிமுகத்திடலில் ஒளியேற்றப்பட்ட நத்தார் மரத்தில் ஓர் இலைகூட இல்லை. இரும்பும் கம்பியும் கொண்டு எழுப்பிய கூடு, அதன்மேல் பிளாஸ்டிக் வலை. வலை நிறைய சிவப்பு, பச்சை, தங்கம், வெள்ளி நிறம் பூசிய பைன் காய்கள், பத்து இலட்சத்துக்கும் மேல். அந்த மரத்தில் அசல் என்று சொல்ல இருந்தவை அந்தக் காய்கள் மட்டுந்தான்! ஆறு இலட்சம் எல்.ஈ.டி. மின்குமிழ்கள். கின்னஸ் அளந்த உயரம் 72.1 மீற்றர். சீனாவின் குவாங்சோ நகரத்து 55 மீற்றர் மரம் இரண்டாமிடத்துக்குப் போனது.

உண்மையில் திட்டமிட்டது 100 மீற்றர். துறைமுகத் தொழிலாளரும் தொண்டர்களும் மாதக்கணக்கில் பாடுபட்டுக்கொண்டிருந்தபோது, டிசம்பர் தொடக்கத்தில் சில நாள் வேலை நின்றது. திறந்த கடற்கரையில் அத்தனை பெரிய வலை கப்பற்பாய்போலக் காற்றை வாங்கும். ஆனால் அன்று குறுக்கே வந்தது காற்றல்ல, கத்தோலிக்கத் திருச்சபை. இது வீண்செலவு, இந்தப் பணம் ஏழைகளுக்குப் போகட்டும் என்றார் கர்தினால் மல்கம் ரஞ்சித். செய்திகளில் வந்த செலவுக் கணக்கு ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் ரூபாய்.

கட்டச் சொன்னவர் அப்போதைய துறைமுக அமைச்சர் அர்ஜுன ரணதுங்க, 1996 உலகக் கிண்ணத்தை வென்ற அதே அணித்தலைவர். இன, மத நல்லிணக்கமே நோக்கம் என்றார்கள். பௌத்தர் பெரும்பான்மையான நாட்டில், போர் முடிந்து ஏழே ஆண்டுகளில், சிறுபான்மையினரின் பண்டிகைக்குத் தலைநகரின் பெருவெளியைத் திறந்துவிட்டது நல்ல காரியந்தான். குடும்பம் குடும்பமாக வந்து அண்ணாந்து பார்த்தவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை.

ஆனால் நல்லிணக்கத்துக்கு எதற்கு உலக சாதனை? முப்பது மீற்றர் மரமும் அதே கூட்டத்தைக் கூட்டியிருக்கும். செலவை ஏற்றியதும், பண்டிகைக்குரிய திருச்சபையையே எதிரில் நிறுத்தியதும் குவாங்சோவை முந்தும் ஆசைதான். இந்த வழக்கில் என் வாக்கு கர்தினாலுக்கே.

பொதுவெளியில் இனியும் பெருமரங்கள் எழும், எழட்டும். எழுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் கம்பியை நடுமுன், பணம் யாருடையது, எவ்வளவு, பண்டிகை முடிந்ததும் அந்த வலையும் விளக்குகளும் எங்கே போகும் என்பதை எழுதி, திடலின் வாசலிலேயே ஒட்டிவையுங்கள்.