198 பேர் மட்டும்!

சீனப் புத்தாண்டு நேரத்தில் ஜெஞ்சாரோம் வந்தவர்களுக்குத் தெரியும், டோங் ஸென் கோயில் வளாகமே விளக்காக நிற்கும். பந்திங் பக்கமிருந்தும் கிள்ளான் பக்கமிருந்தும் கார்கள் ஊர்ந்து வரும். அந்த வெளிச்சத்துக்கு நடுவில் நின்று தம்பியிடம் கேட்டேன்: "இது அத்தனையும் ஒரே நொடியில அணைஞ்சா எப்படிடா இருக்கும்?"

அவன் யோசிக்கவே இல்லை. "ஹவுஸ் ஆஃப் எம், ஏழாவது இதழ்ண்ணே!"

அதேதான்! 2005இல் எட்டு இதழ்களாக மார்வெல் வெளியிட்ட சித்திரக்கதை. அதன் ஏழாவது இதழின் முடிவில் ஸ்கார்லெட் விட்ச் என்கிற வாண்டா மூன்றே சொற்கள் சொல்கிறாள். பிறவியிலேயே சக்தி கொண்ட மியூட்டண்டுகளே இனி வேண்டாம் என்பதுதான் பொருள். கத்தவில்லை, மந்திரக்கோலை வீசவில்லை. அவ்வளவுதான், உலகத்தில் இருந்த மியூட்டண்டுகளில் ஏறக்குறைய எல்லாருடைய சக்தியும் போய்விட்டது. மிஞ்சியவர்கள் 198 பேர் என்று பிறகு கணக்குச் சொன்னார்கள்.

இனி திரைக்குப் பின்னால் போவோம், வாருங்கள். அங்கேதான் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்!

மார்வெல் அலுவலகத்துக்கு அப்போது ஒரு தலைவலி. மியூட்டண்டுகள் என்றால் ஊர் வெறுக்கும் சிறு கூட்டம். எக்ஸ்-மென் கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆனால் கிராண்ட் மாரிசன் எழுதிய காலத்தில் அந்தக் கூட்டம் பெருகிவிட்டது. 2001இல் ஜெனோஷா தீவில் மட்டும் 1 கோடியே 60 லட்சம் மியூட்டண்டுகள் மடிந்ததாக அவர் எழுதினார். அப்படியும் தீரவில்லை. நியூயார்க்கில் அவர்களுக்கென்று ஒரு பேட்டையே இருந்தது. தெருவுக்கு நாலு பேருக்குச் சக்தி இருந்தால் அது என்ன அதிசயம்? தலைமை ஆசிரியர் ஜோ கெசாடாவுக்கு எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும்.

கணக்கு மேசையில் கிடந்த இந்தப் பிரச்சினையை எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் ஒரு தாயின் துயரமாக மாற்றியதுதான் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் இடம். 2004இலேயே அவர் அவெஞ்சர்ஸ் கதையில் வாண்டாவைப் பித்தின் விளிம்புக்குக் கொண்டுபோயிருந்தார். பிள்ளைகளை இழந்தவள் அவள். ஹவுஸ் ஆஃப் எம்மில் அவள் உலகத்தையே மாற்றி எழுதுகிறாள். எல்லாருக்கும் ஆசைப்பட்ட வாழ்க்கை கிடைக்கிறது. ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கருக்கு, முன்பே இறந்துபோன காதலி குவென் மனைவி, கையில் ஒரு மகன், இறந்த பென் மாமாவும் உயிரோடு. அதெல்லாம் கலைந்த பிறகும் பீட்டருக்கு அந்த நினைவு மட்டும் மிஞ்சுகிறது. சக்தி போனவர்களைப் பற்றிய கதையில், சக்தி போகாத பீட்டருக்காகத்தான் நான் அதிகம் கலங்கினேன்.

படம் வரைந்த ஒலிவியே கோய்பெல் பிரான்ஸ்காரர். காமிக்ஸுக்கு வருமுன் டிரீம்வொர்க்ஸில் அனிமேஷன் வேலை பார்த்தவர். வாண்டாவின் முகத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் இமை தாழ்வதும் உதடு இறுகுவதும் நம் கண்ணுக்கு அசைவாகவே தெரியும். அனிமேஷனில் ஊறிய கை அது!

எட்டாம் இதழில் மனங்களைப் படிக்கும் எம்மா ஃப்ராஸ்ட், மியூட்டண்டுகளைக் கண்டறியும் செரிப்ரா கருவிக்குள் போய் உலகத்தைத் தேடுகிறாள். லட்சக்கணக்கில் கேட்ட மனங்கள் சில நூறாகச் சுருங்கியிருக்கின்றன. காந்தமே உயிரான மேக்னெட்டோ வெறும் கிழவராக நிற்கிறார். ஜூபிலியின் விரலில் வாணவேடிக்கை இல்லை. பிளாப்பின் மலை உடம்பு போய்த் தோல் மட்டும் தொங்குகிறது. சேம்பர்தான் பாவம். அவனுடைய தாடையும் நெஞ்சும் இருந்த இடத்தில் அந்தச் சக்தி நெருப்பு மட்டுமே இருந்தது. அது அணைந்ததும் அங்கே வெறும் பள்ளம்.

முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியதை அறிந்தவர்களுக்கு இந்தச் சுவை புதிதல்ல. மின்சாரம் பாய்ந்தால்தான் மாயாவி மறைவார். அதன் வேகம் குறைந்ததும் உடம்பு தெரிந்துவிடும், எதிரி துப்பாக்கியோடு எதிரில் நிற்பான். நாயகனிடம் சக்தி இல்லாத நேரத்தில்தான் நம் நெஞ்சு படபடக்கிறது.

நம் மலேசிய மண்ணின் கதைக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்தேன்! இத்தனை பேரிடமிருந்து பறித்த சக்தி எங்கே போனது? அதில் ஒரு பங்கு விண்வெளியில் உறங்கிக் கிடந்த வல்கன் மேல் பாய்ந்து அவனை எழுப்பியது. எக்ஸ்-மென் தலைவர் சைக்ளாப்ஸின் தம்பி அவன். எழுந்தவன் ஷியார் என்கிற வேற்றுலகப் பேரரசைத் தேடிக் கிளம்ப, 2006இல் அன்கேனி எக்ஸ்-மென் 475ஆம் இதழிலிருந்து அந்தப் பயணத்தை எட் புரூபேக்கர் எழுதினார். வரைந்தவர் பில்லி டான். மலேசியாவில் பிறந்தவர்! எக்ஸ்-23 என்கிற பெண்ணின் பிறப்புக் கதையை 2005இல் வரைந்ததும் அவரேதான்.

இன்னொருவரும் இருக்கிறார். டூம் பேட்ரோல் வரைந்து 2002இல் ரஸ் மானிங் புதுமுக விருது வாங்கிய மலேசியர் டான் எங் ஹுவாட். 2012இல் தொடங்கிய எக்ஸ்-மென் லெகசியில் பேராசிரியர் எக்ஸின் மகன் லீஜனை வரைந்தார். ஒரே தலைக்குள் பல மனங்கள், மனத்துக்கொரு சக்தி. கோடு வளைந்து நெளிந்து, பக்கமே காய்ச்சல் கண்டதுபோல இருக்கும். கடைசியில் லீஜன் தான் பிறக்கவே இல்லை என்று ஆக்கிக்கொள்கிறான். வாண்டா ஓர் இனத்துக்குச் செய்ததை இவன் தனக்கே செய்துகொள்கிறான்.

விளக்குகளை விட்டு வெளியே வந்தபோது தம்பி கேட்டான்: "475 இதழ் உங்ககிட்ட இருக்காண்ணே?"

இல்லை. அதனால் இந்த ஞாயிறு விடியலிலேயே மோட்டாரை எடுத்துக்கொண்டு பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் பழம்பொருள் சந்தைக்குப் போகிறோம். பெட்டி பெட்டியாகக் கிளறிப் பார்ப்பதாகத் திட்டம். 475 யார் கண்ணில் முதலில் பட்டாலும், பணம் கொடுப்பது நான்.